வால் இல்லாத சொல்

பயிற்சி தொடங்கிச் சில வாரங்களிலேயே டீச்சரின் கணவனுடைய பேச்சிலிருந்து ஒரு சின்னத் துண்டு காணாமல் போனது. முதலில் அதைக் கண்டுபிடித்தவள் நாத்தனார்.

நாத்தனாருக்கு செல்போன் கடையில் வேலை. ஒரு நாள் சாயங்காலம் யாருடனோ போனில் சண்டை போட்டுவிட்டு சோபாவில் குப்புறப் படுத்து அழுதுகொண்டிருந்தாள். பயிற்சி முடிந்து வந்த அண்ணன்காரன், தோளில் பையோடு அப்படியே பக்கத்தில் நின்றான். கொஞ்சம் யோசித்தான். பிறகு "சிரி" என்றான்.

தலையணை பறந்து வந்து அவன் முகத்தில் விழுந்தது.

"அண்ணி, இவனுக்கு என்னமோ ஆயிடுச்சு. மனுஷி அழுதுட்டு இருக்கேன், வந்து நின்னு சிரிங்கறான். போட்டோ எடுக்கறவன் மாதிரி."

சமையலறையில் இருந்த டீச்சருக்குச் சிரிப்பு வந்தாலும் அப்போதுதான் அவளுக்கும் உறைத்தது. அவள் மழலையர் பள்ளி ஆசிரியை. தெருவில் எல்லோருக்கும் டீச்சர், அந்தப் பழக்கத்தில் வீட்டிலும் டீச்சர்தான். கணவன் கொஞ்ச நாளாக ஒரு மாதிரிதான் பேசுகிறான் என்பது அவள் காதில் விழுந்திருந்தது, என்ன மாதிரி என்றுதான் பிடிபடவில்லை. 'கதவைத் திறந்து போடாதே' என்று கத்துகிறவன் இப்போதெல்லாம் 'கதவைச் சாத்து' என்கிறான். 'சத்தம் போடாதே' என்பது 'மெல்ல' ஆகிவிட்டது. முந்தின நாள் அவள் பள்ளிக்குக் கிளம்பும்போது 'குடையை மறந்துடாதே' என்பதற்குப் பதிலாக, வாசல்வரை வந்து 'குடை' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். 'அழாதே' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'சிரி' என்று நின்றதும் அதே கணக்குத்தான்.

சாப்பிடும்போது இரண்டு பேரும் சேர்ந்து அவனைக் கேட்டார்கள். அவனுக்கே அது புதிதாக இருந்தது. வீட்டுக்குள்ளும் வந்துவிட்டதா என்று கேட்டுவிட்டு, தட்டைத் தள்ளி வைத்து விளக்கமாகச் சொன்னான்.

ஸ்டேஷனில் காவலனாக இருந்த அவன் சேர விரும்பியது காவல்துறையின் சிறப்புப் பிரிவு. துப்பாக்கியோடு யாராவது வீட்டுக்குள் கதவைப் பூட்டிக்கொண்டால், ஆட்களைப் பிடித்து வைத்துக்கொண்டால், சாதாரணக் காவலர்கள் வெளியே வளையம் போட்டு நின்றுவிட்டுக் கூப்பிடுகிற பிரிவு. அதில் சேர ஆறு மாதப் பயிற்சி. ஓட்டமும் கயிறும் துப்பாக்கியும் மட்டும் பயிற்சி இல்லை. அசையாமல் படுத்து ஒரே சன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பது, காயத்துக்குக் கட்டுப் போடுவது, உள்ளே இருப்பவனோடு பேசுகிறவர் பேசி முடிக்கும்வரை வாயை மூடிக்கொண்டு காத்திருப்பது, எல்லாம் உண்டு. அங்கே பயிற்சி கொடுப்பவர் ஒரு பெண் அதிகாரி. நேரில் மேடம், முதுகுக்குப் பின்னால் பெரியக்கா. பெரியக்கா முதல் நாளே ஒரு சட்டம் போட்டிருந்தார். உத்தரவுக்கு வால் இருக்கக் கூடாது.

நம் மொழியில் கூடாது என்பது சொல்லின் கடைசியில் போய் உட்கார்ந்திருக்கிறது. ஓடாதே, எழாதே, சுடாதே. வெடிச் சத்தத்தில், புகையில், தலைக்கவசத்துக்குள் காதில் முன்பாதிதான் போய்ச் சேரும். பின்பாதி காற்றோடு போய்விடும். சுடாதே என்பதில் முன்பாதி என்ன?

நாத்தனார் கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

அதனால் அங்கே யாரும் சுடாதே என்று சொல்வதில்லை. பொறு என்பார்கள். ஓடாதேக்கு நில். எழாதேக்குப் படு. மாதக்கணக்கில் அதையே சொல்லிச் சொல்லி, தூக்கத்திலும் வால் வராதபடி ஆக வேண்டும் என்பது பெரியக்காவின் எண்ணம்.

டீச்சர் சிரித்துவிட்டாள். இதற்கா ஆறு மாதம் என்று கேட்டாள். அவள் வகுப்பில் பிள்ளைகளிடம் தண்ணீரைக் கொட்டாதே என்றால் கொட்டும், ஓடாதே என்றால் ஓடும். அதனால் அவளும் நேராப் பிடி, நடந்து வா என்றுதான் சொல்வாள். "மூணு வயசுப் பிள்ளைங்களுக்குச் சொல்றதத்தான் உங்களுக்கும் சொல்லித் தர்றாங்க. சம்பளம் மட்டும் உங்களுக்கு அதிகம்."

அவனும் சிரித்தான். அன்றைக்கு வீட்டில் எல்லோரும் வால் இல்லாமல் பேசிப் பார்த்தார்கள், நாத்தனார்தான் அதிகம் தோற்றாள்.

படுக்கையில் சிரிப்பு அடங்கின பிறகு டீச்சருக்குப் பழைய பயம் வந்தது. கதவு திறந்ததும் முதல் ஆளாக உள்ளே போகிறவனாகத்தான் அவனைப் பழக்கிக்கொண்டிருந்தார்கள். அவனுக்கு அங்கே ஒட்டகம் என்று பெயர், கழுத்து நீளம் என்பதால். அவன் பின்னாலேயே இரண்டாவதாக நுழைகிறவனுக்குப் பூனை என்று பெயர். புகைக்குள் முன்னால் போகிறவன் பார்த்துச் சொல்ல வேண்டும், பின்னால் வருகிறவன் கேட்டு நடக்க வேண்டும். முதல் ஆள் என்றால் என்ன என்பதை அவள் யாரையும் கேட்காமலே புரிந்துகொண்டிருந்தாள்.

அவன் ஏன் அதற்கு ஆசைப்பட்டான் என்பதும் அவளுக்குத் தெரியும். கல்யாணமான புதிதில், ஒருவன் தன் இரண்டு பிள்ளைகளோடு வீட்டைப் பூட்டிக்கொண்டு கையில் துப்பாக்கியுடன் உட்கார்ந்துவிட்டான். ஸ்டேஷனிலிருந்து போய் வெளியே நின்றவர்களில் இவனும் ஒருவன். சிறப்புப் பிரிவு வந்ததும் கதவை உடைப்பார்கள் என்று எதிர்பார்த்தான். அவர்கள் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஒருவர் மட்டும் சன்னல் வழியாகப் பேசினார். வெயில் ஏறி இறங்கும்வரை பேசினார். கடைசியில் அந்த ஆள் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு தானே வெளியே வந்தான். அவ்வளவு ஆயுதத்தையும் மடியில் வைத்துக்கொண்டு அவ்வளவு பொறுமையாக உட்கார்ந்திருந்த ஆட்களை அவன் அதுவரை பார்த்ததில்லை. அன்று வீட்டுக்கு வந்து அதையே திரும்பத் திரும்பச் சொன்னான்.

அதைக் கேட்டபோது அவளுக்கு அவன்மேல் பெருமையாக இருந்தது. பெருமை இருக்கும் இடத்திலேயே, இவன் எப்படியாவது தேறாமல் போக வேண்டும் என்ற நினைப்பும் இருந்தது. அவமானம் இல்லாமல், கௌரவமாக, ஒரு முட்டிப் பிடிப்பு, ஒரு கண் பரிசோதனை, ஏதோ ஒன்றில் நின்றுபோனால் போதும். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் அவன் கயிறு ஏறிக் கையெல்லாம் காய்த்து வந்து காட்டுகிற நாட்களில் அவள் மருந்து தடவிக்கொண்டே பேசாமல் இருப்பாள். அந்த மௌனத்திலிருந்து அவன் என்ன புரிந்துகொண்டான் என்று அவள் கேட்டதில்லை.

பயிற்சி முடியப் போகிற சமயத்தில் பெரியக்காவிடமிருந்து அவளுக்கே போன் வந்தது. கடைசித் தேர்வில் பணயக்கைதிகளாக உட்காருவதற்கு ஆள் வேண்டும் என்றார். சக போலீஸ்காரர்களை உட்கார வைத்தால் சொன்ன இடத்தில் சொன்னபடி பொம்மை மாதிரி இருந்துவிடுகிறார்களாம். அதனால் கடைசி நாளில் மட்டும் பயிற்சியில் இருப்பவர்களின் சொந்தக்காரர்களையே கூப்பிடுவது அங்கே வழக்கம். பயிற்சியில் இருப்பவர்களுக்கு அது தெரியாது, தெரியவும் கூடாது.

"வீட்டுல சொல்லிடுவீங்களா டீச்சர்?" என்று கேட்டார்.

அவள் சொல்ல மாட்டேன் என்றாள். ஒருநாள் அவனை வேலை செய்கிற இடத்தில் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை அவளுக்கு வெகுநாளாக இருந்தது. நாத்தனாரிடம் மட்டும் சொன்னாள். அந்த வாரம் முழுக்க நாத்தனார் அண்ணனைப் பார்க்கும்போதெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். இவளுக்கு மறுபடியும் ஏதோ காதல் விவகாரம் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

பயிற்சிக்கூடம் பழைய கிடங்கு மாதிரி இருந்தது. உள்ளே ஒட்டுப்பலகையில் ஒரு வீடு. சுவர்களுக்கு அடியில் சக்கரம். தினமும் தள்ளி வேறு வேறு வீடாக ஆக்கிவிடுவார்கள், யாரும் வழியை மனப்பாடம் செய்துவிடக் கூடாது என்பதற்காக. கூரை கிடையாது. மேலே இரும்புப் பாலத்தில் நின்று பெரியக்கா எல்லா அறைகளையும் பார்ப்பார். எங்கும் பசை வாடையும் வெடிமருந்து வாடையும்.

ஓர் ஓரத்தில் பெஞ்சில் அப்பா, அம்மா, அண்ணன், மாமியார் என்று பல பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஆஸ்பத்திரியில் முறைக்குக் காத்திருப்பவர்களைப் போல ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொண்டார்கள். பூனையின் அப்பாவும் வந்திருந்தார், லாரி டிரைவர். அவருடைய முறை முதலில் வந்தது. அந்த முறை பூனை வேறொருவனோடு உள்ளே போனான், பயிற்சியில் இருந்த மற்றவர்கள் எதுவும் காதில் விழாத தூரத்தில் காத்திருந்தார்கள். அறைக்குள் இருக்கிற எவரையும், அவர் யார் என்று உறுதியாகும்வரை பிளாஸ்டிக் பட்டையால் கையைக் கட்டி வைக்க வேண்டும் என்பது விதி. பூனை விதிப்படியே செய்தான் போலிருக்கிறது. ஒட்டுப்பலகைச் சுவரைத் தாண்டி அவர் குரல் பெஞ்சுவரை கேட்டது.

"பெத்தவனையே கட்டுறியா. வீட்டுக்கு வா, உன் அம்மாகிட்ட சொல்றேன்."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்து மாய்ந்தார்கள். பூனை கட்டின கட்டை அவிழ்க்கவில்லை. மேலே இருந்து பெரியக்கா தலையை ஆட்டியதை டீச்சர் பார்த்தாள்.

அவள் முறை வந்தபோது அவளுக்குக் கனமான பஞ்சு மேலாடையும் கண்ணாடியும் மாட்டிவிட்டார்கள். காதில் வைக்கப் பஞ்சு கொடுத்தார்கள். அவள் எதையும் நடிக்க வேண்டியதில்லை, பயம் என்ன சொல்கிறதோ அதைச் செய்தால் போதும் என்றார் பெரியக்கா. அறையில் நாற்காலி ஒன்று, மேசை ஒன்று. குற்றவாளியாக இருந்த அதிகாரி வயதானவர், நல்ல மனிதர். அவள் நடுங்குவதைப் பார்த்துவிட்டு, "பயப்பட ஒண்ணும் இல்லம்மா, சாயத் தோட்டாதான். எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும். பெரிய எறும்பு" என்றார். பிறகு சுவரோரம் போய் உட்கார்ந்துகொண்டு, தன் வேஷத்துக்குத் திரும்பி, மேசையில் இருந்த தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவரச் சொல்லி அவளை மிரட்டினார்.

அவள் பாட்டிலோடு எழுந்தாள். அப்போது கதவு வெடித்துப் போனது.

ஓசை என்று சொல்ல முடியாது, உடம்பில் விழுந்த அடி மாதிரி இருந்தது. வெளிச்சம் ஒரு தரம் பளிச்சிட்டு எல்லாம் வெள்ளையானது, பிறகு புகை. அதிகாரி விதிப்படி துப்பாக்கியை எறிந்துவிட்டு முகத்தைத் தரையில் கவிழ்த்துக்கொண்டார். அவளுக்கு உட்காரவும் தெரியவில்லை, படுக்கவும் தெரியவில்லை. பாட்டிலை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி நின்றாள். புகைக்குள்ளிருந்து கறுப்பாக ஓர் உருவம் வந்தது. கழுத்தைப் பார்த்ததும் அது யார் என்று தெரிந்தது. அவன் இடதுபக்க மூலையைப் பார்த்தான், மேசையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

அவன் முகம் மாறியது. வீட்டில் அவளுக்குக் காய்ச்சல் என்றால் வருகிற முகம். அவன் பின்னாலேயே நுழைந்த இன்னோர் உருவத்தின் துப்பாக்கி, கையில் ஏதோ வைத்துக்கொண்டு நிற்கிற அவள் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. அவன் வாய் திறந்தது. கத்தினான்.

பெரிய எறும்பு அவள் நெஞ்சில் கடித்தது. குனிந்து பார்த்தாள். மேலாடையில் நீலச் சாயம் வழிந்துகொண்டிருந்தது.

அங்கே இன்னொரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு முறையும் முடிந்த உடனே, கவசத்தைக் கழற்றி எல்லோரும் தரையில் வட்டமாக உட்கார வேண்டும். என்ன பார்த்தேன், என்ன சொன்னேன், என்ன கேட்டேன், என்ன செய்தேன் என்று மட்டும் சொல்ல வேண்டும். காரணத்தை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போங்கள், நடந்ததை மட்டும் இங்கே வையுங்கள் என்பார் பெரியக்கா. அவளும் அந்த வட்டத்தில் உட்கார்ந்தாள். எதிரே அவன். வியர்வையில் தலைமுடி ஒட்டியிருந்தது. அவளைப் பார்த்தான், உடனே சாயத்தைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான்.

அவன் தன் முறையைச் சொன்னான். இடது மூலை காலி, மேசைக்குப் பின்னால் ஆள் படுத்திருந்தார், நடுவில் பெண், கையில் பாட்டில். "பொறுன்னு சொன்னேன்."

பூனை சொன்னான். வலது மூலை காலி, நடுவில் ஆள், கையில் எதுவோ கறுப்பாக, என்ன என்று தெரியவில்லை. "சுடுன்னு கேட்டுச்சு. சுட்டேன்."

"பொறுன்னுதான்டா சொன்னேன்."

"இல்ல மச்சான். எனக்கு சுடுன்னுதான் கேட்டுச்சு."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது, அதுதான் பார்க்கப் பாவமாக இருந்தது. படுத்திருந்த அதிகாரி காதைப் பொத்தியிருந்தார். மேலே இருந்த கேமராவில் புகையும் தலைக்கவசமும்தான் பதிவாகியிருந்தன. பெரியக்கா பிறகு டீச்சர் பக்கம் திரும்பினார்.

"நீங்க அவர் எதிர்ல நின்னீங்க. உங்களுக்கு என்ன கேட்டுச்சு?"

அவள் காதிலும் பஞ்சு இருந்தது. ஆனால் அவள் அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கும்போது வாயைக் காட்டித்தான் சொல்லிக் கொடுப்பாள். பொறு என்று சொல்ல முதலில் உதடு ஒட்ட வேண்டும். அவன் உதடு ஒட்டவில்லை. குவிந்து, அகலத் திறந்து, கடைசியில் பல் தெரிந்தது. பஞ்சையும் தாண்டி அவன் குரலும் மங்கலாகக் கேட்டது. சுடாதே.

சொன்னால் அவன் தேற மாட்டான். சொல்லாவிட்டால் தவறாகக் கேட்டுச் சுட்டவன் என்று பூனை மட்டும் தேறாமல் போவான். காதில் சரியாக விழவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், யாரும் அவளைக் குறை சொல்ல மாட்டார்கள்.

அதைவிட வேறொன்றுதான் அவளைத் தடுத்தது. இவன் தேறக் கூடாது என்று இத்தனை மாதம் நினைத்துக்கொண்டிருந்தவள் அவள். இப்போது உண்மையைச் சொன்னாலே அது நடந்துவிடும். நடந்ததற்காகச் சொல்கிறேனா, நடக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேனா? தன் மனதை அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. அவள் அவனைப் பார்த்தாள். அவன் நம்பிக்கையோடு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். பொறு என்று சொன்னதாக அவன் மனதார நம்பினான். தன் மனைவி அதையே சொல்வாள் என்றும் நம்பினான்.

"சுடாதேன்னு சொன்னாரு" என்றாள்.

அவன் முகத்தில் கோபம்கூட இல்லை. தெரியாத ஆள் தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் பார்ப்பது மாதிரி அவளைப் பார்த்தான்.

பெரியக்கா பூனையிடம், உன் விரல் உன்னுடையது, கையில் இருப்பது என்னவென்று உன் கண் பார்க்காமல் இன்னொருத்தன் சொல்லுக்கு அது அசையக் கூடாது, நாளைக்குத் திரும்ப வா என்றார். அவள் கணவன் பக்கம் திரும்பியபோது குரலைத் தாழ்த்திக்கொண்டார். "யார் எதிர்ல நின்னாலும் அதே சொல் வரணும். உனக்கு இன்னும் வரல. வேணும்னா அடுத்த அணியோட முதல்ல இருந்து வா."

பஸ்ஸில் இரண்டு பேரும் ஒரே சீட்டில் உட்கார்ந்து வந்தார்கள். அவன் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தான்.

வீட்டில் அவன் சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஸ்டேஷன் வேலைக்குத் திரும்பினான், நேரத்துக்கு வந்தான், சாப்பாடு நன்றாக இருக்கிறது என்றான். பூனை மறுநாள் தேறிவிட்டதாகப் போன் செய்தபோது உண்மையான சந்தோஷத்தோடு வாழ்த்தினான். போனை வைத்துவிட்டு, பால்கனியில் காய்ந்த துணியையெல்லாம் எடுத்து ஒவ்வொன்றாக மடித்து வைத்தான். மடிக்க வேண்டியதெல்லாம் தீர்ந்த பிறகும் அங்கேயே நின்றான்.

வீட்டுக்குள்ளேயே ஒரு பேச்சுவார்த்தைக் குழு வைக்க வேண்டும் போலிருக்கிறது என்று நாத்தனார் முணுமுணுத்தாள். அண்ணனிடம் போய், அண்ணி பொய் சொல்கிற ஆளா என்று கேட்டுப் பார்த்தாள். பொய் என்று நான் சொல்லவில்லையே என்றான் அவன்.

ஒரு நாள் டீச்சர் பிள்ளைகளுக்காக அட்டையில் மீன் வெட்டிக்கொண்டிருந்தபோது அவனே வந்து எதிரே உட்கார்ந்தான்.

"நீ கேட்டது சரியாத்தான் இருக்கும்."

"இருக்கும்னா?"

"எனக்கு இன்னும் பொறுன்னு சொன்ன மாதிரியேதான் இருக்கு. வாய்ல அந்தச் சொல்லே இருக்கு." அட்டைத் துண்டு ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நான் தேறக் கூடாதுன்னு நீ நினைச்ச. அது எனக்குத் தெரியும்."

கத்தரிக்கோல் நின்றது. "ஆமா. நினைச்சேன்."

"அப்ப?"

"நினைச்சது வேற. கேட்டது வேற."

"ரெண்டும் ஒண்ணா வந்து நிக்குதே."

அவளுக்கே அப்படித்தான் நின்றது. அவன் எழுந்து போன பிறகு அவள் வெட்டின மீன்களுக்கெல்லாம் வால் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. மறுநாள் பிள்ளைகள் அதைப் பார்த்து, மீனுக்குக் கால் வலியா டீச்சர் என்று கேட்டன.

நாட்கள் அப்படியே போயின. அடுத்த அணிக்குப் பெயர் கொடுக்கிற நேரம் வந்தது. அவன் அதைப் பற்றிப் பேசவில்லை. அவளும் கேட்கவில்லை. அவளுக்கு வேண்டியிருந்தது நடந்துவிட்டது. தினமும் சாயங்காலம் அவன் படி ஏறி வரும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தில் முன்பு இருந்த ஏதோ ஒன்று இல்லை. இவன் இப்படி வீடு திரும்ப வேண்டும் என்றா நினைத்தோம் என்று அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இஸ்திரிப் பெட்டியை ரிப்பேருக்குக் கொடுக்க இரண்டு பேரும் கடைத்தெருவுக்குப் போனார்கள். கொடுத்துவிட்டுத் திரும்பும்போது அவன் பக்கத்துக் கடையில் பல்ப் வாங்க நின்றுவிட்டான். அவள் நடைபாதையின் ஓரத்துக்கு வந்து, சாலையைத் தாண்டலாமா என்று பார்த்தாள். ஒரு பஸ் நின்றுகொண்டிருந்தது. அதைச் சுற்றிக்கொண்டு போகலாம் என்று ஒரு காலை எடுத்துவைத்து, திரும்பி அவனைப் பார்த்தாள். அவன் கடை வாசலிலிருந்து அவளைப் பார்த்து ஏதோ கத்தினான். அதே நேரம் பஸ்காரர் ஹாரனை அழுத்தினார்.

போ என்று கேட்டது. போனாள்.

பஸ்ஸின் மறைவிலிருந்து பாய்ந்து வந்த ஸ்கூட்டர் அவள் முழங்கையில் உரசிக்கொண்டு போய்ச் சறுக்கி நின்றது. ஓட்டி வந்தவர், வீட்டில் சொல்லிவிட்டு வந்தாயா என்று திட்டிவிட்டுப் போனார். அவன் ஓடி வந்து அவள் கையைப் பிடித்து நடைபாதைக்கு இழுத்தான். முழங்கையைத் திருப்பிப் பார்த்தான். தோல் கொஞ்சம் வழன்றிருந்தது, வேறொன்றும் இல்லை.

"சொன்னேன்ல. எதுக்குப் போன?"

"நீங்கதானே போன்னு சொன்னீங்க."

"போகாதேன்னு..."

அந்தச் சொல் பாதியிலேயே நின்றது. அவன் வாயை மூடினான். பிடித்த கையை விடவில்லை. மக்கள் அவர்களைச் சுற்றிக்கொண்டு நடந்து போனார்கள். பல்ப் கடைக்காரர் சில்லறையை நீட்டிக்கொண்டு கூப்பிட்டார். அவன் திரும்பவே இல்லை.

"வேற யாரா இருந்தாலும் நில்லுன்னு சொல்லியிருப்பேன்" என்றான் வெகுநேரம் கழித்து. "நேத்துக்கூட சிக்னல்ல ஒரு பெரியவர்கிட்ட அப்படித்தான் சொன்னேன். தானா வந்துச்சு."

அவள் தலையாட்டினாள்.

"அன்னைக்கும் இப்படித்தான் வாலோட சொல்லியிருப்பேன், இல்ல?"

"ம்."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பக்கத்தில் ஒரு டீக்கடை இருந்தது. போய் உட்கார்ந்தார்கள். டீ வந்தது, ஆறியது. அன்று அந்த அறையில் நிஜத் துப்பாக்கி இருந்திருந்தால் தன் பயமே அவளைக் கொன்றிருக்கும் என்று அவன் சொன்னான். குரல் வழக்கம்போல இருந்தது. அதையே வேறு மாதிரி இரண்டு மூன்று தரம் சொன்னான். இனிமேல் அந்தப் பக்கம் போகவே போவதில்லை என்றான்.

அவள் இவ்வளவு நாள் கேட்க நினைத்த சொல் அதுதான். கேட்டதும் அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. வெயில் ஏறி இறங்கும்வரை சுவரோரம் உட்கார்ந்திருந்த ஆட்களைப் பற்றி அவன் சொன்ன நாள் அவளுக்கு நினைவு வந்தது. அன்று இவன் கண்ணில் இருந்ததை இந்த டீக்கடையில் விட்டுவிட்டுப் போய்விட்டால், அதற்குப் பிறகு வீட்டுக்கு வருவது யார்?

"திரும்பப் போங்க" என்றாள்.

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"நிஜமா ஒருநாள் உள்ள உக்காந்திருக்கறவ யாரோ ஒருத்தியா இருப்பா. அவளுக்கு உங்ககிட்ட சரியான சொல் இருக்கு. எனக்குத்தான் இல்ல." டம்ளரைத் தள்ளி வைத்தாள். "எனக்கு மட்டும் தப்பா வருதேன்னு நினைச்சா கோவமா இருக்கு. எனக்கு மட்டும்தான் தப்பா வருதுன்னு நினைச்சா சிரிப்பா வருது. என்ன செய்யறது, கட்டிக்கிட்டேன்."

"நீ பயப்படுவியே."

"படுவேன். அதை நான் பாத்துக்கறேன்."

மேசைக்கு அடியில் அவன் கால் அவள் காலில் இடித்தது, எடுத்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, மறுபடியும் அவள் எதிரே நின்றால் மறுபடியும் அதேதான் வரும் என்றான்.

"வரட்டும். சரியா வர்ற வரைக்கும் நானே வந்து உக்கார்றேன்."

மறுநாள் மதியம், பிள்ளைகள் தூங்குகிற நேரத்தில், அவள் வராந்தாவில் நின்று பெரியக்காவுக்குப் போன் செய்தாள். பெரியக்கா முழுவதையும் கேட்டுவிட்டு, ஒருமுறை வந்தவர்களை மறுபடி கூப்பிடுவது வழக்கம் இல்லை என்றார். எதிர்பார்த்துக்கொண்டு வருகிறவனுக்கு அது தேர்வு ஆகாது என்றார். டீச்சர் விடவில்லை. அப்படியானால் எதிர்பார்க்காத நாளில் கூப்பிடுங்கள், எனக்கும் கடைசி நேரத்தில் சொன்னால் போதும், ஸ்கூலில் லீவு சொல்லிக்கொள்கிறேன் என்றாள். போனின் மறுபக்கத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது. அந்த அம்மாள் சிரிப்பார் என்பதே அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

"பழைய துணியா போட்டுட்டு வாங்க டீச்சர். ஒரு தடவையில முடியாது."

சாயங்காலம் அவன் படி ஏறி வந்ததும், அவன் பெயரைப் பெரியக்கா எழுதிக்கொண்டதையும், தன்னையும் கூப்பிடப் போவதையும், எந்த நாள் என்று யாருக்கும் தெரியாது என்பதையும் சொன்னாள். அவன் பையை இறக்கி வைக்காமலே கேட்டுக்கொண்டிருந்தான். நாத்தனார் சோபாவிலிருந்து தலையைத் தூக்கி, அப்படியானால் இன்னொரு ஆறு மாதம் இந்த வீட்டில் யாரும் நிம்மதியாக அழ முடியாது என்றாள்.

அவன் நேராகக் கட்டிலுக்கு அடியில் குனிந்து, ஓட்டத்துக்கான ஷூவைத் தேடத் தொடங்கினான்.